ஃபேனி பிரைஸை உப்புச்சப்பில்லாதவள் என்று சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஆங்கில நாவல்களின் நாயகிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் தமிழ்ப் பத்திரிகை இன்னும் இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் துணிச்சலான நாயகி என்று 'ப்ரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத் பென்னட்டை முதலில் உட்கார வைத்து, அடுத்து ஜேன் ஏர், அப்புறம் எம்மா என்று சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர், ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலின் ஃபேனி பிரைஸை 'உப்புச்சப்பில்லாத பெண்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஆன் பிராண்டேயின் ஹெலனோ கட்டுரையில் தலையே காட்டவில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டியிருந்தால் எம்மாவைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், ஃபேனி மேல் கை வைக்காதீர்கள்.

இந்தத் தீர்ப்பு ஒன்றும் புதிதல்ல. 1814-இல் அந்த நாவல் வெளிவந்ததும், உறவினர்களும் தெரிந்தவர்களும் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஜேன் ஆஸ்டின் ஒரு தாளில் எழுதி வைத்தார். அதில் ஆஸ்டினின் அம்மாவே ஃபேனியைப் பற்றி இதைத்தான் சொல்லியிருக்கிறார். பெற்றவரே அப்படிச் சொன்ன பிறகு உங்கள் கட்டுரையாளரை நான் என்ன குறை சொல்ல.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன், இந்த நாவல்களில் பாதி பாடத்தில் வந்தவை, மீதி நூலகத்தில் எடுத்துப் படித்தவை. நாவலைக் கையில் எடுத்தாலும் யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கிற புத்தி எனக்குப் போகாது. நல்லவேளையாக அந்தக் காலத்து ஆங்கில நாவலாசிரியர்களும் அதை மறைக்காமல் பவுண்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு நாயகி துணிச்சலானவளா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அவள் 'வேண்டாம்' என்று சொன்னபோது அவள் கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள்? வாய்ச் சாமர்த்தியத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எலிசபெத்தையே எடுத்துக்கொள்வோம். எனக்கும் அவளைப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் உண்டா? உடம்பு சரியில்லாமல் கிடக்கும் அக்காவைப் பார்க்க மூன்று மைல் நடந்துபோய், பாவாடை ஓரமெல்லாம் சேறாக அந்தப் பணக்கார வீட்டுக்குள் நுழைகிறாளே, அந்த இடம் இன்றைக்கும் பிடிக்கும். காலின்ஸ் என்ற பாதிரியார் அவளைப் பெண் கேட்கிறார். அவள் அப்பா காலமான பிறகு வீடும் நிலமும் ஆண் வாரிசு என்ற முறையில் அவருக்குத்தான் போகப்போகிறது. கேட்கும்போதே, உன் பங்குக்கு வரப்போவது 4 சதவீத வட்டியில் போட்ட ஆயிரம் பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான், என்று எடுத்துச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் அதை ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறார்! வருஷத்துக்கு 40 பவுண்டு வட்டி. அதை வைத்துக்கொண்டு அவள் வளர்ந்த மாதிரி ஒரு வாழ்க்கையை நடத்த முடியாது. அப்படியும் அவள் மறுக்கிறாள், சரி. ஆனால் அம்மா கத்திக்கொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் முறையிட்டதும் அவர் என்ன சொல்கிறார்? காலின்ஸைக் கட்டிக்கொள்ளாவிட்டால் உன் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், கட்டிக்கொண்டால் நான் விழிக்க மாட்டேன் என்கிறார். வீட்டுப் பெரியவர் இப்படித் துணைக்கு நிற்கும்போது 'வேண்டாம்' என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானத்தோடு டார்சி வந்து கேட்டபோதும் மறுத்தாளே என்பீர்கள். அது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன், அவள் இடத்தில் நான் இருந்தால் யோசித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அவள் கடும் கோபத்தில் இருந்தாள். கோபம் பாதி வேலையைச் செய்துவிடும்.

அந்தப் பேச்சு நடந்தது யார் வீட்டில் என்று கவனித்தீர்களா? சார்லட் லூகஸ் வீட்டில். எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன அதே காலின்ஸை, மூன்று நாளுக்குள் இரண்டு பெண்களிடம் கல்யாணம் கேட்ட அந்த மனிதரை, சரி என்று சொல்லிக் கட்டிக்கொண்டவள். கட்டுரையாளர் அவளை 'சமரசத்தின் சின்னம்' என்கிறார். வயது 27, பார்க்க சுமார், சொத்து கிடையாது. அவளுக்கு நிச்சயமானதும் அவள் தம்பிகள், அக்கா கடைசிவரை கல்யாணமாகாமல் இருந்துவிடுவாளோ என்ற பயம் தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறார்கள். ஆஸ்டின் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், எனக்கு அந்த வரி வயிற்றைப் பிசையும். கல்யாணத்துக்குப் பிறகு சார்லட் என்ன செய்கிறாள் பாருங்கள். நல்ல காற்றோட்டமான முன்னறையைப் புருஷனுக்கு விட்டுக்கொடுத்து, தனக்குப் பின்பக்கத்து அறையை எடுத்துக்கொள்கிறாள், அப்போதுதான் அவர் அடிக்கடி உள்ளே வரமாட்டார். தோட்டவேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். இதைச் சமரசம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்டினும் அவளைத் திட்டவில்லை, திட்டவும் முடியாது. 1802 டிசம்பரில் அவரும் 27 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஹாரிஸ் பிக்-விதர் என்ற பெரிய சொத்துள்ள வீட்டுப் பிள்ளை அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். சாயங்காலம் சரி என்று சொன்ன ஆஸ்டின், மறுநாள் காலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். 1805-இல் அப்பா இறந்ததும் அம்மாவும் அக்காவும் அவருமாகச் சகோதரர்கள் கொடுத்த பணத்தை நம்பி வீடு மாறி வீடு மாறி இருந்தார்கள், 1809-இல் ஓர் அண்ணன் சாட்டன் என்ற ஊரில் வீடு கொடுக்கும் வரைக்கும். 'ப்ரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் உரிமையை அவர் விற்றது 110 பவுண்டுக்கு. டார்சியின் வருமானத்தில் நாலு நாள் காசு! 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஆஸ்டினுக்கு அனுபவத்தில் தெரியும்.

இனி ஃபேனி. போர்ட்ஸ்மவுத்தில் ஏழைக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள், அப்பா குடிப்பவர். பாரத்தைக் குறைக்க 10 வயதில் அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரியப்பா சர் தாமஸ் பெர்ட்ரம் பெரிய மாளிகைக்காரர், ஆன்டிகுவா தீவிலும் சொத்து உண்டு. இவளுக்குப் படுக்க மேல்மாடியில் ஒரு சின்ன அறை. பகலில் உட்கார யாருக்கும் வேண்டாத ஓர் அறை, அதில் குளிருக்குக் கணப்பு மூட்டக்கூடாது என்பது இன்னொரு பெரியம்மா மிஸஸ் நாரிஸின் உத்தரவு. அக்காமார்களும் நீயும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெரியம்மா அவளை வளர்க்கிறார். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டி வளர்ந்து படித்தவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வீட்டில் வாய் திறந்து சாமர்த்தியமாகப் பேச முடியுமா என்று. எலிசபெத் மாதிரி ஃபேனி ஏன் பேசவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

18 வயதில் அவளை ஹென்றி க்ராஃபோர்டு பெண் கேட்கிறான். பணக்காரன், பேச்சில் கெட்டிக்காரன். அவன் கேட்கும் விதத்தைப் பாருங்கள். அவளுடைய அண்ணன் வில்லியம் கப்பற்படையில் பதவி உயர்வு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கிறான். தன் குடும்பத்து அட்மிரலிடம் சொல்லி அவனுக்கு லெஃப்டினன்ட் பதவி வாங்கிக்கொடுத்து, அந்தச் செய்தி வந்த கடிதங்களைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, அவள் கண்ணீரோடு நன்றி சொல்ல முயலும்போது என்னைக் கட்டிக்கொள் என்கிறான். எனக்கு வேண்டாத இடத்தில் நன்றிக்கடன் ஏற்றும் மனிதர்களை வேலை பார்த்த இடத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது உடம்பு கூசும். அவள் வேண்டாம் என்கிறாள். அவ்வளவு பெரிய உதவிக்குப் பிறகும் வேண்டாம் என்கிறாள்.

மறுநாள் சர் தாமஸ் அவளைத் தேடி அந்த அறைக்கு வருகிறார். வெளியே பனி விழுந்து கிடக்கிறது, அறையில் நெருப்பு இல்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் பேசுகிறார். அடிக்கவில்லை, கத்தவில்லை. பிடிவாதக்காரி, சுயநலக்காரி, நன்றிகெட்டவள் என்று அவள் மனதில் பதியும்படி நிதானமாகப் பேசுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் வீடுகளில் எந்தக் குரலில் சொல்வார்களோ அதே குரல். அவளால் காரணத்தைச் சொல்ல முடியாது. நிச்சயமான பெண்ணான மரியாவோடும் அவள் தங்கை ஜூலியாவோடும் க்ராஃபோர்டு விளையாடியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சொன்னால் அவர் பெற்ற பெண்களின் மானம் போகும். அதனால் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு நிற்கிறாள். அவர் போனபிறகு பார்த்தால் அவள் அறையில் கணப்பு எரிகிறது, இனித் தினமும் எரிய வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறார். இவ்வளவு செய்கிறவருக்கு நான் நன்றியில்லாமல் இருந்தால் மிருகம்தான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. அந்த நெருப்பைப் பார்த்த பிறகும் மாற்றிக்கொள்வதில்லை, இதைத்தான் நான் துணிச்சல் என்கிறேன்.

சர் தாமஸின் மனைவியான பெரியம்மா லேடி பெர்ட்ரம், நாள் முழுக்க சோபாவில் நாய்க்குட்டியோடு கிடப்பவர், அவரும் எழுந்து உட்கார்ந்து, இப்படி ஒரு வரன் வந்தால் ஒத்துக்கொள்வது ஒவ்வொரு பெண்ணுக்கும் கடமை என்கிறார். எட்டரை வருஷத்தில் அவர் ஃபேனிக்குச் சொன்ன ஏறக்குறைய ஒரே புத்திமதி அதுதானாம், ஆஸ்டின் குறும்பாகச் சொல்கிறார். அவள் மனதில் வைத்திருக்கும், சர் தாமஸின் மகன் எட்மண்டும் அவனைக் கட்டிக்கொள் என்றே சொல்கிறான். அப்படியும் பணியவில்லை என்றதும் சர் தாமஸ் அவளைப் போர்ட்ஸ்மவுத்துக்கே அனுப்பி வைக்கிறார், நல்ல வருமானத்தின் அருமை அங்கே போனால் தெரியும் என்று. தெரியத்தான் செய்கிறது. அந்த வீட்டுச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை, சாயங்காலம் தம்பிகளை அனுப்பி பிஸ்கட்டும் பன்னும் வாங்கி வரச்சொல்லிப் பசியாறுகிறாள். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் வாடகை நூலகத்தில் சேர்ந்து தங்கைக்குப் புத்தகம் எடுத்துக்கொடுக்கிறாள். அங்கே இருக்கும்போதும் க்ராஃபோர்டு வந்து நிற்கிறான், ரொம்ப நல்லவனாகவே நடந்துகொள்கிறான். அப்போதும் அவள் சரி என்று சொல்வதில்லை. அப்புறம் அவன் கல்யாணமான மரியாவோடு ஓடிப்போனதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. ஆன்டிகுவாவிலிருந்து திரும்பிய சர் தாமஸிடம் அடிமை வியாபாரத்தைப் பற்றிக் கேட்டது அந்த வீட்டில் இவள் ஒருத்திதான். பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1807-இல், நாவல் வந்தது 1814-இல். அவள் கேட்டதும் கூடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உப்புச்சப்பில்லாதவள் கேட்கிற கேள்வியா இது?

குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் எட்மண்டைக் கட்டிக்கொள்கிறாள். அவன் பெரியம்மா மகன்! நம் முறைப்படி அண்ணன். அத்தை மகன், மாமன் மகன் என்றால் நாமே முன்னின்று நடத்தியிருப்போம். அவர்கள் ஊரில் அந்த வித்தியாசம் கிடையாது என்று அறிவுக்குத் தெரிகிறது, ஆனால் கடைசி அத்தியாயத்தை நான் எப்போதும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

எம்மாவைப் பற்றி நாலு வரி. 30,000 பவுண்டு வைத்திருப்பவள் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்வதில் துணிச்சலுக்கு வேலை இல்லை. போதாததற்கு ஹாரியட் என்ற ஏழைப் பெண்ணை, நல்ல விவசாயி ஒருவன் கேட்டு வந்தபோது மறுத்துக் கடிதம் எழுத வைக்கிறாள். தன் 'வேண்டாம்' பத்தாது என்று அடுத்தவள் 'வேண்டாம்' என்பதையும் இவளே சொல்கிறாள். 'பர்சுவேஷன்' நாவலில் ஆன் எலியட்டுக்கு நேர்ந்ததும் இதுதான், 19 வயதில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பிடித்தவனை மறுத்துவிட்டு எட்டு வருஷம் வாடுகிறாள். ஆன் எலியட் மேல் எனக்குப் பிரியம் அதிகம், ஆனால் அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கடிதமாகிவிடும்.

நடுவில் கொஞ்சம் சிரிக்க வேண்டுமானால் 'வேனிட்டி ஃபேர்' நாவலின் பெக்கி ஷார்ப் இருக்கிறாள். அதை எழுதிய தாக்கரே கல்கத்தாவில் பிறந்தவர், அதனால் இந்தியாவை அங்கங்கே தூவியிருப்பார். இந்தியாவில் கலெக்டராக இருந்து வந்த ஜாஸ் செட்லியை மடக்க நினைத்து, அவனுக்குப் பிடித்த குழம்பைத் தானும் ஆசையாகச் சாப்பிடுகிற மாதிரி நடித்து, கடைசியில் பச்சைமிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று அலறுவாள். அவளுடைய 'வேண்டாம்' இருக்கிறதே, நாவல் உலகத்திலேயே அதற்கு ஈடு கிடையாது. மனைவி இறந்ததும் கிழட்டுப் பணக்காரர் சர் பிட் அவள் முன்னால் மண்டியிட்டு, வா, என் மனைவியாகு என்கிறார். எழுந்து மாலை போட்டிருப்பாள், முடியாது, ஏற்கெனவே அவருடைய மகனையே ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டாயிற்று. அழுகிறாள். அவள் விட்ட உண்மையான கண்ணீர் அபூர்வம், அதில் இது ஒன்று என்கிறார் தாக்கரே.

ஜேன் ஏர் விஷயத்தில் கட்டுரையாளரோடு சண்டை இல்லை, ஆனால் அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். தான் கட்டிக்கொள்ளவிருந்த ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும் 20 ஷில்லிங்கோடு வீட்டைவிட்டு இறங்குகிறாள், அந்தக் காசு வண்டிச் சத்தத்துக்கே போய்விட, கைக்குட்டையைக் கொடுத்து ஒரு ரொட்டி தருவீர்களா என்று கடையில் கேட்கிறாள், பன்றிக்குப் போட இருந்த கஞ்சியை வாங்கிக் குடிக்கிறாள். அது சரி. எனக்குப் பெரிதாகப் படுவது அவளுடைய இரண்டாவது 'வேண்டாம்'. செயின்ட் ஜான் என்ற பாதிரியார் இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகிறார், அவளையும் மனைவியாக வரச்சொல்கிறார். நீ உழைப்புக்காகப் படைக்கப்பட்டவள், காதலுக்காக அல்ல என்கிறார். அவள் விரும்பிப் படித்துக்கொண்டிருந்த ஜெர்மனை நிறுத்தச் சொல்லி ஹிந்துஸ்தானி படிக்க வைக்கிறார். ராச்செஸ்டரை மறுக்க அவளுக்கு நியாயம் கையில் இருந்தது. இவரோ கெட்டவர் அல்ல, பட்டினி கிடந்தவளைக் காப்பாற்றியவர், அத்தை மகன், கடவுள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். இப்படிப்பட்டவரை மறுப்பது எவ்வளவு கஷ்டம்! கூட வேலை செய்ய வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்று அவள் நின்றுவிடுகிறாள்.

இந்தியாவின் வெயிலில் நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன் என்று அவள் நினைப்பதைப் படிக்கும்போது எங்கள் திருநெல்வேலிச் சீமைதான் ஞாபகம் வரும். 1847-இல் அந்த நாவல் வெளிவந்தபோது கால்டுவெல் இங்கே இடையன்குடித் தேரிக்காட்டில் இருந்தார், மனைவி எலிசாவும் கூட இருந்தார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லேஸ் பின்னும் வேலை எல்லாம் எலிசா நடத்தியவை. செயின்ட் ஜான் தேடியது இந்த மாதிரி ஒரு உழைப்பாளியைத்தான். ஆனால் எலிசா நாகர்கோவில் மிஷனரி வீட்டுப் பெண், இந்த வெயில் அவருக்குப் பழகியது. ஜேன் வந்திருந்தால் பாவம், ஹிந்துஸ்தானியை வைத்துக்கொண்டு இடையன்குடியில் என்ன செய்திருப்பாள்?

ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவையும் மறக்க முடியவில்லை. ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டோடு கட்டிக்கொடுத்து அனுப்பப்பட்டவள். சரியா வேண்டாமா என்று அந்த நாவலில் யாரும் கேட்காத ஒரே பெண் அவள்.

தாமஸ் ஹார்டியின் நாயகி டெஸ்ஸைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், கோபம் வந்துவிடும். கல்யாண ராத்திரியில் ஏஞ்சல் கிளேர் தன் பழைய தவறைச் சொல்கிறான், அவள் உடனே மன்னிக்கிறாள். அவள் தனக்கு நடந்ததைச் சொன்னதும் அவன் விட்டுவிட்டுப் போகிறான். அவளுடைய 'வேண்டாம்' எவன் காதிலும் விழவே இல்லை. இதில் உங்களைப் போன்ற பத்திரிகை ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். 1891-இல் 'தி கிராஃபிக்' இதழில் தொடராக வந்தபோது, தண்ணீர் தேங்கிய பாதையில் பால் கறக்கும் பெண்களை ஏஞ்சல் தூக்கிக்கொண்டு போகும் இடம் வாசகர்களுக்கு ஒவ்வாது என்று, ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதாக ஹார்டி மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஹெலனுக்கு வருகிறேன். 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்', 1848, பிராண்டே சகோதரிகளில் கடைக்குட்டி ஆன் எழுதியது. ஒரு கால்கட்டு போட்டால் பையன் திருந்திவிடுவான் என்று நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். இங்கே ஹெலனே அதை நம்பி, வளர்த்தவர்கள் எச்சரித்தும் கேட்காமல் ஹண்டிங்டன் என்ற குடிகாரனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் திருந்தவில்லை. நண்பன் மனைவியோடு உறவு, வீடு நிறையக் குடிகாரக் கூட்டம். அதுவரை அவள் பொறுத்துக்கொள்கிறாள். மழலை பேசும் மகனுக்கு ஒயின் ஊற்றிக்கொடுத்து, கெட்டவார்த்தை சொல்லிக்கொடுத்து, அப்பாவும் நண்பர்களும் கைதட்டிச் சிரிக்கிறார்களே, அன்றைக்குத்தான் முடிவு செய்கிறாள். படம் வரைந்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ரகசியமாகத் தயாராகிறாள். அவள் நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்துவிட்டு அவன் தூரிகை, வர்ணம் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான், பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொள்கிறான்.

சட்டமும் அவன் பக்கம்தான். மனைவி சம்பாதித்தது மனைவிக்கே என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1870-இல். ஏழு வயதுக்குள்ளான பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லித் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றே 1839-இல்தான் வந்தது, கதை நடப்பதோ அதற்கும் முன்னால். ஆகவே அவள் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது சட்டப்படி அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது, அவள் வரைந்து விற்ற ஒவ்வொரு படத்தின் காசும் சட்டப்படி அவன் காசு. பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, படத்தின் கீழே பொய் ஊர்ப்பெயர் எழுதி விற்கிறாள். ஃபேனிக்குப் பக்கத்தில்தான் யாரும் இல்லை, இவளுக்கு எதிரில் ஒரு நாட்டின் சட்டமே நிற்கிறது.

வந்து சேர்ந்த ஊரில் அவளைப் பற்றி வம்பு. பையனுக்கு ஒயினே கொடுக்காமல் வளர்த்தால் ஆண்பிள்ளையாக ஆவானா என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். அப்படியானால் பெண்களை மட்டும் ஏன் எதுவும் தெரியாமல் பொத்தி வளர்க்கிறீர்கள், ஆண் பட்டுத் திருந்தலாம், பெண் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளக்கூடாதா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். மகனுக்கு ஒயின் வாடையே பிடிக்காமல் போக வேண்டும் என்று அதில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்ததாக அவளே சொல்லும் இடத்தில் எனக்குத் திக்கென்றது. குடியால் ஒரு வீடு எப்படி அழியும் என்று அருகிலிருந்து பார்த்தவருக்குத்தான் இப்படி எழுத வரும். ஆன் பார்த்திருந்தார், அவருடைய அண்ணன் பிரான்வெல் குடித்தே அழிந்தவர், நாவல் வந்த அதே ஆண்டு இறந்துபோனார்.

கணவன் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்ததும் ஹெலன் திரும்பிப் போய்ப் பணிவிடை செய்கிறாள். அட, இவ்வளவுதானா என்று முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மகனை அவன் கண்ணில் காட்டுவதற்கு முன்னால், பிள்ளை என் பொறுப்பில்தான் இருப்பான் என்று எழுதி, சாட்சி வைத்து, அவனிடம் கையெழுத்து வாங்குகிறாள்! வாழ்நாளெல்லாம் கையெழுத்து சரிபார்த்த எனக்கு அந்தப் பக்கத்தில் கைதட்டத் தோன்றியது. பிறகு அவள் மறுமணம் செய்துகொள்ளும் கில்பர்ட் மார்க்கம், கோபத்தில் இன்னொருவனைச் சாட்டைப் பிடியால் மண்டையில் அடித்தவன், அவளுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லை. அது என் தனிப்பட்ட வருத்தம்.

1849-இல் 29 வயதில் ஆன் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் தங்கைகளின் நாவல்களை மறுபதிப்புக்குத் தயார் செய்த அக்கா ஷார்லட் இந்த நாவலை மட்டும் சேர்க்கவில்லை. கதைப்பொருளைத் தேர்ந்தெடுத்ததே தவறு, இது பாதுகாக்கத் தக்கதாகத் தோன்றவில்லை என்று எழுதினார். ஜேன் ஏரை அவ்வளவு தைரியமாகப் படைத்தவர்தான் இதையும் எழுதினார். அக்கா விட்டுவிட்ட நாவலை உங்கள் கட்டுரையாளரும் விட்டுவிட்டார்.

நாயகிகள் பற்றி அடுத்த பகுதி வரும் என்று கட்டுரையின் கீழே போட்டிருக்கிறீர்கள். அதில் ஹெலனுக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். 'மிடில்மார்ச்' டோரதியாவையும் சேர்க்கலாம், செத்துப்போன புருஷன் விட்டுச்சென்ற வேலையைச் செய்யமாட்டேன் என்று அவனுக்கே காகிதத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்தவள். ஃபேனியைப் பற்றி மறுப்பு ஏதும் போட வேண்டாம், கட்டுரையாளர் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்'கின் அந்தக் கணப்பு வரும் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை